மூன்றாம் துளை

கண்டியில் வாங்கினேன், இரண்டாம் கை.
விற்றவன் பவர் வயர் தந்தான், மழைக்கு ஒரு ரெக்சின் உறை தந்தான்,
புத்தகம் தரவில்லை.
கினிகத்தேனை வளைவுகளில் கடைசி சீட்டில் அதைக் குறுக்கே கிடத்தி
நான் நின்றுகொண்டு வந்தேன்.
கண்டக்டர் அதற்கு அரை டிக்கெட் கிழித்தார்.

பேஸ் வாசித்த மரியதாஸ் டோஹாவுக்குப் போய் எட்டு மாதம்.
இனி என் இடது கைதான் மரியதாஸ் என்று
டெரன்ஸுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

டிக்கோயா மண்டபத்தில், கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை,
இடது கை ஊமை.

வலது கையில் பியானோ வந்தது. வயலின்கள் வந்தன.
இடது கையை வைத்தால்
கட்டையில் விரல் தட்டும் சத்தம் மட்டும்.
ஆனால் திரையில் நாலு கோடு, நாலும் குதிக்கிறது.
நாலாவதுதான் பேஸ்.
மற்ற மூன்றையும்விட உயரமாய்க் குதிக்கிறது.

சுமணசிறி மிக்சரை ஏற்றினான், ஏற்றினான்,
பொக்ஸ் இரைந்தது, தூசி கருகும் வாசம் வந்தது.
"என்னே நே, நங்கி" என்றான்.
வரவில்லைதான்.
வொல்யூம் முழுசு. மியூட் இல்லை. ஒக்டேவ் சரி.
உயிரோடிருப்பதற்கான எல்லா அத்தாட்சியும் இருந்தது,
குரல் தவிர.

எங்கள் பக்கம் கச்சேரி என்றால் இரண்டு.
ஒன்றில் வாசிப்போம்.
மற்றதில் அப்பா வீட்டுக் காணிக்கு மனுப் போட்டார்.
போட்டது போட்டதுதான், இலக்கம் இருக்கிறது, முத்திரை இருக்கிறது,
யாரும் உட்காராத ஜன்னலுக்குப் போயிருந்தது.
பதினோரு வருடம்
மனு பேசவில்லை என்றே நினைத்திருந்தோம்.

ஏழு மணிக்குக் கரண்ட் போனது. மழை தகரத்தில் இறங்கியது.
டெரன்ஸ் போனை டோர்ச்சாக்கிப் பிடிக்க
முதல் தடவையாக அதன் முதுகைப் பார்த்தேன்.
இடது, வலது: எங்கள் இரண்டு வயர்.
அதற்கப்பால் நாலு துளை, பக்கத்தில் சின்ன இலக்கங்கள்.
எல்லாவற்றிலும் பஞ்சுத் தூசி,
மூன்றில் மட்டும் இல்லை.
மூன்றின் வளையம் தேய்ந்து பித்தளை தெரிந்தது.

யாரோ, எத்தனையோ இரவு,
அந்த ஒரு வாயில் மட்டும்
குத்தி, உருவி, குத்தி.

கரண்ட் வந்ததும் பக்கம் பக்கமாய்த் தள்ளிப் போனேன்.
செட்டிங்கின் பெயர் ஷிரோமி இரண்டு.
ஷிரோமி ஒன்று அழிக்கப்பட்டிருந்தது.
நாலாம் பாகம். வெளியேறும் வழி: மூன்று.

அப்போ அது வாசித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.
நான் அழுத்திய ஒவ்வொரு தடவையும்
முழுப் பலத்தோடு
வயர் இல்லாத வாசலால் வெளியே போயிருக்கிறது.

"மெயினுக்கு மாத்து, ஒரு பட்டன்தானே" என்றான் டெரன்ஸ்.
ஒரு பட்டன்தான். விரலையும் வைத்தேன்.

பிறகு வலது வயரை உருவினேன்.
வலது வெறுமையானால் இந்த மெஷின்
இரண்டு பக்கத்தையும் சேர்த்து இடதால் அனுப்பும்.
பியானோவின் அகலம் கொஞ்சம் குறையும்,
கல்யாண வீட்டில் யார் அளக்கப் போகிறார்கள்.
உருவியதை மூன்றில் குத்தினேன்.
மறுமுனையைச் சுமணசிறி
டிரம்ஸ் பக்கத்தில் சும்மா கிடந்த
மரியதாஸின் அம்ப்ளிஃபயரில் கொடுத்தான்.

வந்தது.
அந்த வழியால் போனால் எக்கோ கிடையாது, பூச்சுக் கிடையாது.
வரண்டு,
பக்கத்தில் நின்று ஒருவன் பேசுகிற மாதிரி.

மறுநாள் மூன்றாவது பாட்டில்
டெரன்ஸ் அடித்துக்கொண்டே
தலையை இடப்பக்கம் திருப்பிச் சிரித்தான்.
நான் வலப்பக்கம் இருந்தேன்.

மாப்பிள்ளையின் மாமா வந்து
சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்.
எந்தச் சத்தத்தை என்று கேட்டேன்.